அக்காவுக்கு இருந்த விரதம்

பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அக்காவுக்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. இராஜபாளையத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவள் கண் விழிக்கும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். மறுநாள் காலையில் ரத்தம் கேட்டார்கள். என் குரூப்பும் அவள் குரூப்பும் ஒன்று.

ரத்தம் எடுக்கிற நர்ஸ் என் முகத்தைப் பார்த்தார்.

"சாப்பிட்டியாப்பா?"

"இல்லக்கா, விரதம்."

"யாருக்கு?"

"உள்ள கெடக்காளே, எங்கக்கா, அவளுக்குத்தான்."

"நல்லாருக்கு போ! வெறும் வயித்தோட ரத்தம் குடுத்தா நீயும் அவ பக்கத்துலதான் படுப்ப. தின்னுட்டு வா."

நான் நகரவில்லை. அம்மாதான் என்னை எதிர்க்கடைக்கு இழுத்துப் போனாள்.

"ஏலே, தின்னுலே. சாமிகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

இட்லியை அழுதுகொண்டே தின்றேன். பிறகு ரத்தம் எடுத்தார்கள். அது பாதி ஏறும்போதே அக்கா போய்விட்டாள்.

"நாந்தானலே ஒன்னயத் தின்ன வச்சேன்" என்று அம்மா இன்றும் அழுகிறாள்.

"தின்னலேன்னா ரத்தமே எடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்கிறேன்.

அவளிடம் அப்படிச் சொல்கிறேனே தவிர, எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் போகவில்லை.