பக்கத்து நட்சத்திரத்தையும் பாருடி

இந்த நேரத்தில் நம் வானியல் குழுவில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

ஷமீமா அக்கா போய்விட்டார். நாவலூர் ஆபீஸில் எனக்குப் பக்கத்து சீட். நேற்று ஹார்ட் அட்டாக்... இன்று செங்கல்பட்டில் அடக்கம். பாப்பாவுக்குக் காய்ச்சல், என்னால் போக முடியவில்லை.

வார நாளில் அக்காவுக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங். சனிக்கிழமை ஆனால் நெம்மேலியில் கன்னியம்மா அக்கா வீட்டு மொட்டை மாடி, டெலஸ்கோப், கேமரா. கூடவே நான்.

எப்போதும் ஒரே புள்ளியைத்தான் படம் எடுப்போம். பார்க்க ஒன்று, உண்மையில் இரண்டு. சுருங்கிப்போன ஒரு பழைய நட்சத்திரம், அதை ஒட்டியே சுற்றும் இன்னொன்று. ஒரு சினிமா முடிவதற்குள் ஒரு சுற்று முடிந்துவிடும்.

அந்த இன்னொன்று சின்ன நட்சத்திரமா, நட்சத்திரமாகவே ஆகாமல் போன உருண்டையா? இதுதான் ஷமீமா அக்காவின் கேள்வி. அது பழையதை மறைக்கும்போதெல்லாம் வெளிச்சம் நன்றாக மங்கும். அந்தப் பெரிய மங்கல்களுக்கு நடுவே, அது பழையதன் பின்னால் போகும்போது சின்னதாக ஒரு மங்கல் தெரிந்தால் அதற்கும் சொந்த வெளிச்சம் உண்டு, நட்சத்திரம்.

ஒருநாள் அது தெரிந்தது. நான் குதித்தேன். அக்கா குதிக்கவில்லை.

"பக்கத்து நட்சத்திரத்தையும் பாருடி."

அதுவும் மங்கியிருந்தது. எட்டிப் பார்த்தால் கீழே ஒரே புகை.

"கொசு புடுங்குதுன்னு தென்ன மட்டைய கொளுத்தினேன். இன்னா இப்ப?" என்றார் கன்னியம்மா அக்கா. அதற்கப்புறம் எங்களைக் கண்டாலே, "இன்னிக்கு நட்சத்திரம் கீதா? நான் புகை போட்டுக்கலாமா?"

பாப்பா பிறந்ததும் மாடிக்குப் போவது குறைந்தது. குழந்தைக்கு உடம்பு சுடுகிறது என்று பதறி ஷமீமா அக்காவுக்குத்தான் போன் அடிப்பேன்.

"உன் நெத்தியையும் தொட்டுப் பாரு. ரெண்டும் சுட்டா ஃபேன் ஓடலன்னு அர்த்தம்."

ஒருமுறை நிஜமாகவே கரண்ட் போயிருந்தது. பயத்தில் நான் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

இன்றும் தொட்டுப் பார்த்தேன். என் நெற்றி சுடவில்லை. மருந்து கொடுத்தேன்... இப்போது பாப்பாவுக்கு வியர்க்கிறது.

போன வாரம் அக்கா சொன்னது, "முழுசா ஒரே ஒரு கிளியர் நைட் கிடைச்சா போதும்டி." மழை தொடங்கிவிட்டால் இந்த வருஷம் போச்சு.

சாயங்காலம் கன்னியம்மா அக்கா பேசினார். "அந்தம்மா டெலஸ்கோப்பு மாடியிலதான் கீது. படுதா போட்டு மூடிகீறேன். யாராச்சும் வாங்க... நான் புகை போட மாட்டேன்."

போய் வாங்க ஷமீமா அக்கா.

கேமராவோடு டெலஸ்கோப்பை இயக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சனிக்கிழமை நெம்மேலிக்கு வர முடியுமா? காய்ச்சல் விட்டால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நானும் வருகிறேன். கொஞ்சம் சீக்கிரம் பதில் போடுங்கள்.