கூரையோடு பறந்த பெட்டி

மலாக்காவில், காஜா பெராங்கில் நாங்கள் குடியிருந்த காலம். ஜப்பான்காரன் வந்தபின் இரண்டாவது பழக்காலம் அது. மங்குஸ்தீன் மரங்கள் காய்த்துத் தொங்கின. அரிசிதான் யார் வீட்டிலும் இல்லை. மரவள்ளிக்கிழங்கை எத்தனை விதமாகச் சமைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் சமைத்துச் சலித்திருந்தோம்.

வீட்டில் அண்ணனும் நானும் மட்டுமே. அண்ணன் பண்டார் ஹிலிரில் ஒரு கடையில் கணக்கெழுதும் கிராணி. ரேடியோப் பெட்டிகளை ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தபோது அவர் ஒப்படைக்கவில்லை. கோணியில் சுற்றி, அத்தாப்பு ஓலைக் கூரையின் உள்பக்கம் ஒரு மரச்சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிட்டார். ரேடியோவோடு பிடிபட்டவர்கள் பலர் வீடு திரும்பவில்லை.

"பூனை குதிச்சாலும் விழாது, பாரு" என்று கயிற்றை இழுத்துக் காட்டினார். கட்டு அவ்வளவு உறுதி.

வேலிக்கு அந்தப் பக்கம் மலாக்காச் செட்டி வீடு; பல தலைமுறைக்கு முன் இங்கே குடியேறி மலாய் பேசப் பழகிவிட்ட தமிழர் வம்சம். அங்கே இருந்த அக்காவுக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியில் திருநீறு, உடுப்பில் சாரோங், பேச்சு முழுக்க மலாய். இடையிடையே சில தமிழ்ச் சொற்கள் வரும்.

சுமாத்திரா பக்கமிருந்து வரும் மழைக்காற்று எங்களுக்குப் பழக்கம். அன்று விடியுமுன் வந்தது வேறு மாதிரி. மாவு எந்திரம் ஒன்று வீட்டைச் சுற்றி ஓடியதுபோல் சத்தம். பலகைச் சுவர் ஒருமுறை மூச்சு வாங்கியது. உடனே ஓய்ந்துவிட்டது. மழை நேராக என் பாயில் விழுந்தபோதுதான், பாதிக் கூரை இல்லை என்று தெரிந்தது.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். வயலிலிருந்து சாலைவரை, ஒரு மாட்டுவண்டித் தடம்போல ஒடுங்கலாகச் சேதம். அந்தத் தடத்திலிருந்த வாழைகள் முறுக்கிப் பிழிந்த துணிபோலக் கிடந்தன. கொஞ்சம் தள்ளி, எங்கள் கோழிக்கூடு அசையாமல் நின்றது. கொடியில் அண்ணனின் சட்டைகூட அப்படியே தொங்கியது. எங்கள் கூரை மட்டும் வேலியைத் தாண்டி, அக்காவின் மங்குஸ்தீன் மரத்தடியில் தலைகீழாகக் கிடந்தது. சட்டம் போன இடத்துக்குப் பெட்டியும் போயிருந்தது. அண்ணனின் கட்டு அவிழவே இல்லை.

நாங்கள் ஓடுவதற்குள், அறுந்த தொலைபேசிக் கம்பியைத் தேடிக்கொண்டு ஒரு ஜப்பானியச் சிப்பாயும் உள்ளூர் மலாய்ப் போலீஸ்காரரும் வீடு வீடாக வந்துகொண்டிருந்தார்கள். கம்பி அக்காவின் வாசலுக்குள் போயிருந்தது. மரத்தடியில் யாரோ அறுத்த கயிறு மட்டும் இருந்தது, பெட்டியைக் காணோம். அண்ணனும் நானும் அக்காவின் முற்றத்தில் போய் நின்றோம்.

அக்கா தன் நடுவறை வாசலில் நின்றார். உள்ளே வெள்ளைத் திரை. அதன் பின்னால் சாம்பிராணிப் புகை. சிப்பாய் கம்பியைச் சுருட்டிவிட்டு, திரையைக் காட்டி ஏதோ கேட்டபடி படியேறினான்.

"தெங்கோக் ஜாங்கான், பாங்! டத்தோ நேனே தெங்ஙா மாக்கான்!" என்று அக்கா போலீஸ்காரரைத் தடுத்தார். அண்ணே, பார்க்காதீர்கள், முன்னோர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

அவர்கள் வீடுகளில் பழக்காலத்தில் 'பார்ச்சு' உண்டு. நம் படையல்தான். இலையில் வைத்துவிட்டு, திரையை இழுத்துவிட்டு, எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். முன்னோர் சாப்பிடும்போது உயிருள்ளவர்கள் பார்க்கக் கூடாது.

போலீஸ்காரர் சைகையும் அரைகுறை ஜப்பானியச் சொற்களுமாக விளக்கினார். சிப்பாய் தொப்பியைக் கழற்றினான். திரையை நோக்கிக் குனிந்தான். போய்விடுவான் என்று நினைத்தோம். அவனோ படியிலேயே மரியாதையாக நின்றுவிட்டான், அவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்பதுபோல.

"இன்னும் எவ்வளவு நேரமாகும்?" என்று போலீஸ்காரர் மலாயில் கேட்டார்.

"யாருக்குத் தெரியும், பாங்? காலம் கெட்டுக் கிடக்கு. அவங்களுக்கும் பசிதானே, மெதுவாத்தான் சாப்பிடுவாங்க" என்றார் அக்கா, அதே மலாயில்.

போலீஸ்காரர் இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். அதை எப்படி மொழிபெயர்த்தாரோ, சிப்பாய் இன்னொரு முறை குனிந்துவிட்டுக் கம்பியோடு இறங்கிப் போனான்.

அவர்கள் சாலை திரும்பியதும் அண்ணன் திரையை நோக்கிப் பாய்ந்தார். அக்கா கையை நீட்டி மறித்தார். 'தம்பி' தவிர மற்றதெல்லாம் அவருடைய மலாய்தான்.

"எங்க போறே, தம்பி?"

"பெட்டி, அக்கா…"

"அங்கதான் இருக்கு. அவங்க முடிக்கட்டும்."

காத்திருந்தோம். பிறகு அக்கா திரைக்கு வெளியே நின்று கைகூப்பி, உத்தரவு கேட்டு, மெல்ல விலக்கினார். எங்கள் ரேடியோப் பெட்டி வெள்ளைத் துணி போர்த்திய பீடமாக இருந்தது. அதன்மேல் வாழையிலை, இலையில் காற்று உதிர்த்த மங்குஸ்தீன்கள், அவித்த கிழங்கு, ஒரு குவளைத் தண்ணீர்.

பழத்தை எங்கள் கையில் கொடுத்தபோதுதான் சொன்னார்: "ராத்திரியில சத்தத்தைக் குறைச்சு வை, தம்பி. என் வீட்டுச் சுவரும் பலகைதான்."

உள்ளே ஏதோ உடைந்திருந்தது; அந்தப் பெட்டி அதன்பிறகு பாடவில்லை. அந்தக் காற்றைப் பற்றி எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி வரவில்லை. பின்னாளில் செய்தி எழுதிப் பிழைத்த நான், இதை ஒரு சாமர்த்தியக் கதையாகவே பலரிடம் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் மங்குஸ்தீன் வாசம் வரும் மாதங்களில், ஆபத்து நீங்கிய பிறகும் அக்கா எங்களைக் காக்கவைத்த அந்த நேரம்தான் நினைவுக்கு வருகிறது: அவர் யாரையும் ஏமாற்றவில்லை, பசித்திருந்த தன் முன்னோர்களிடம் எங்களையும் ஒப்படைத்துவிட்டு அவர்கள் சாப்பிட்டு எழும்வரை காத்திருந்தார்.