அம்மா பார்த்துக்கொண்ட கிளட்ச்

"இன்னும் ஒரு நூல் அளவு தளர்த்துடி," என்றாள் அம்மா. காரின் கதவைத் திறந்து வைத்துத் தரையில் மண்டியிட்டிருந்தாள். கிளட்ச் மிதியை விரலால் மெல்ல அழுத்தி, அது எங்கே கனக்கத் தொடங்குகிறது என்று தையல் டேப்பால் அளந்துகொண்டிருந்தாள். நான் பானெட்டுக்குள் குனிந்து, கேபிள் முனையிலிருந்த நட்டை ஸ்பேனரால் திருப்பினேன். மிதி கனக்கும்வரை உள்ள அந்த வெற்று அசைவு குறைந்துபோனால் கிளட்ச் தட்டு முழுதாகப் பிடிக்காது; வழுக்கித் தேயும். எனக்கு அது படிப்பில் வந்தது. அவளுக்கு எப்படி வந்தது என்று கேட்டதில்லை. "போதும். கையைக் கழுவிட்டு வா," என்றாள்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அது. அந்த வாரமே மூளையில் ரத்தக்குழாய் வெடித்து அம்மா இறந்துபோனாள்.

வீடுகளுக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். அளவெடுப்பது, தைப்பது, கொண்டுபோய் மாட்டுவது எல்லாம் அவளே. காரில் திரைக் கம்பிகள் பின்கண்ணாடியிலிருந்து முன் இருக்கைகளுக்கு நடுவே நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு அடியில் கையை நுழைத்துக் கியர் மாற்றுவாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய கார். கிளட்ச் இன்றும் அதனோடு வந்ததுதான்; மாற்றியதே இல்லை.

"உங்கள மாதிரி இன்னும் நாலு பேர் இருந்தா, நான் கடையை மூடிட்டு உங்ககிட்ட தைக்க வந்துடுவேன்க்கா," என்பார் மெக்கானிக்.

"மொதல்ல ஊசியில நூல் கோத்துக் காட்டு. அப்புறம் பாக்கலாம்."

சிக்னலில் நின்றால் நியூட்ரல். இடது கால் உடனே தரைக்கு வந்துவிடும். நான் மிதியின்மேல் காலை வைத்தபடி ஓட்டினால், "அது என்ன மெத்தையா? காலை எடு," என்பாள். மேட்டில் கைப் பிரேக்கில்தான் நிற்பாள். இவற்றுக்கெல்லாம் என்னால் காரணம் சொல்ல முடியும். ஆனால் இடது கால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்டுவாள். காலையில் முதல் அசைவு பின்னோக்கி இருக்கக் கூடாது என்று, இரவே வண்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்துவாள். கியர் மாற்றும்போது யாரும் பேசக் கூடாது. அப்பா பேச்சைத் துண்டு துண்டாகப் பேசப் பழகியிருந்தார்.

"இதுக்கும் கிளட்ச்சுக்கும் சம்பந்தமே இல்லம்மா," என்று ஒருமுறை சொன்னேன்.

"இருக்கலாம். எது வேலை செய்யுதுன்னு தெரியாதப்ப எதை விடறது, சொல்லு."

ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துச் சோதிப்பதுதான் நான் கற்ற முறை. அவள் எதையும் நிறுத்தவில்லை. அதே அம்மா, டப்பாக்களை மூட மாட்டாள். ஃபிரிஜ் கதவைக் காலால் உதைத்துச் சாத்துவாள். ரத்த அழுத்த மாத்திரையை நினைவு வந்த நாளில் மட்டும் போட்டுக்கொள்வாள். இந்த இரண்டு அம்மாக்களையும் ஓர் ஆளாக என்னால் சேர்க்க முடியவில்லை. மாலையில் கார் முன்னால் போய் நிற்கிறேன். எதற்கு என்று தெரியாமல் திரும்பி வருகிறேன்.

அப்பாவுக்குத் தோள் இறுகிக்கொண்டு வருகிறது. கை மார்புக்கு மேலே எழுவதில்லை. பயிற்சி சிகிச்சைக்கு அம்மாதான் அழைத்துப் போவாள். அவளுக்குப் பிறகு முதல்முறையாக நான் ஓட்டினேன். ஆஸ்பத்திரிக்கு முந்தைய மேட்டில் வண்டி இரண்டு தடவை குலுங்கி அணைந்தது. லேசாகக் கருகல் வாடை வந்தது.

"அவ ஓட்டுறப்ப இந்த இடத்துல வண்டி அணைஞ்சதே இல்ல," என்றார் அப்பா. கதவைத் திறந்து இறங்கி, வீட்டைப் பார்த்து நடந்தார். அன்றிலிருந்து காரில் ஏறவில்லை. வேறு வண்டி வைக்கிறேன் என்றால் அதற்கும் தலையாட்டுவதில்லை. "கை இப்படியே நின்னுடும்ப்பா," என்றேன். "நின்னா நிக்கட்டும்," என்றார்.

நேற்று அம்மாவின் கைபேசி ஒலித்தது. அப்பா எடுத்தார். யாரோ ஒரு பெண்.

"அக்கா இல்லீங்களா? ஒரு ஜன்னலுக்கு மாட்டிட்டாங்க. இன்னொண்ணு நாளைக்கே கொண்டுவரேன்னாங்க, காணோம். வெயில் கண்ணுல அடிக்குது."

அப்பா விஷயத்தைச் சொல்லவில்லை. "வருது," என்று மட்டும் சொல்லி வைத்தார். தையல் மெஷினின் மேலேயே கிடந்தது அந்தத் திரை. கீழ்மடிப்பு பாதி தைத்திருந்தது; மீதிக்குக் குண்டூசிகள். அதை அப்படியே சுருட்டி எடுத்துக்கொண்டு போய்க் காரின் முன் இருக்கையில் உட்கார்ந்தார்.

"ஊசி குத்தும்ப்பா. பின்னாடி வைங்க."

"நீ வண்டிய எடு."

எடுத்தேன். தெருமுனைக்கு வந்தபோதுதான் அந்த வீடு எங்கே இருக்கிறது என்று இருவருக்குமே தெரியாது என்பது உறைத்தது. நிறுத்தினேன். "எந்தப் பக்கம்ப்பா?" அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பெண்ணைக் கூப்பிடலாம் என்று அம்மாவின் கைபேசியைத் தேடினேன். பின்னால் ஹாரன் அடிக்கத் தொடங்கினார்கள்.

அப்பா கண்ணாடியை இறக்கினார். வலிக்கிற கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு தோளுக்கு மேலே தூக்கி, பின்னால் நின்றவர்களைப் பொறுக்கச் சொல்லிக் காட்டினார்.