வெள்ளிக்காசில் ஒரு கட்டைவிரல்

இன்று திண்டுக்கல்லில் பழைய காசு வாங்கும் கடைக்கு விலை கேட்கப் போனேன்.

கையில் அப்பாவின் காந்தி நூற்றாண்டு வெள்ளிக்காசு. அறுபதுகளின் கடைசியில் பம்பாய் நாணயச்சாலைக்குப் பணம் கட்டி வரவழைத்தது. சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடி மெருகு போட்டது, முகம் பார்க்கலாம். செம்பட்டியில் எங்கள் வீட்டில் அதற்கு ஒரே சட்டம்: பார்க்கலாம், தொடக்கூடாது.

வந்த வாரமே அதன்மேல் ஒரு விரல்ரேகை.

"யாருடி தொட்டது?" என்றார் அப்பா.

"அக்காதாம்ப்பா" என்றாள் தங்கை செல்வி, இமைகூடக் கொட்டாமல். அடி எனக்கு விழுந்தது. ஐம்பது வருஷம் கேட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "ரேகை கறுத்துப்போச்சேம்மா, வெல கொறையும். செத்த நேரம் உக்காருங்க, மருந்துல முக்கி எடுத்தா போயிரும்."

"இருங்க, நானும் பாக்குறேன்" என்று லென்ஸை வாங்கினேன்.

ரேகையின் குறுக்கே ஒரு கோடு. காசு வருவதற்கு முன்பே செல்வி அரிவாள்மனையில் கட்டைவிரலைக் கிழித்துக்கொண்ட அதே தழும்பு.

"கழுவ வேணாம். விக்கவும் வேணாம்" என்று எழுந்துவிட்டேன்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த ரேகைமேல் என் விரலை வைக்க ஆசை. அப்பாவின் சட்டம், வைக்கவில்லை.

ஆக, வழக்கில் ஜெயித்துவிட்டேன். செல்விதான் போன மாசியில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அவள் சார்பில் யாராவது வாதாட வாங்களேன். அடியை வேண்டுமானால் மறுபடியும் நானே வாங்கிக்கொள்கிறேன்.