கோச்சியின் பிழை

இன்று வீட்டில் பிரிஜ் திருத்த வந்தவர் மல்டிமீற்றரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவைத்துப் பார்த்தபோது எழுந்த ‘பீப்’, வெள்ளவத்தையில் தண்டவாளத்தை ஒட்டி பாரூக் நானா நடத்திய, இப்போது இல்லாத கேம் கடைக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. உப்புக்காற்றில் கறள் பிடித்த, பந்தைத் தட்டி ஆடும் பின்போல் மெஷின் ஒன்று அங்கிருந்தது. அதனுள்ளே ஒரு வளையத்தின் நடுவில் சிறு குண்டு தொங்கும். பந்தைத் திருப்ப மெஷினை உலுக்கினால் குண்டு வளையத்தில் பட்டு ஆட்டம் நின்றுவிடும். அக்காவும் நானும் ஆடும்போதோ உலுக்காமலே நின்றது, அதுவும் வெல்லப்போகிற நேரமாகப் பார்த்து. ஒருநாள் நானா கரண்டை நிறுத்தி, குண்டிலும் வளையத்திலும் மீற்றரைக் கொழுவிவிட்டுக் காத்திருந்தார். சத்தமே இல்லை. பாணந்துறைக் கோச்சி தண்டவாளம் அதிரக் கடந்தபோது மீற்றர் விட்டுவிட்டுக் கத்தியது.

“மெஷின்ட பிழயில்ல, கோச்சிட பிழ,” என்றார்.

“அப்ப கோச்சியை நிப்பாட்டுங்கோ நானா,” என்றாள் அக்கா.

அவர் குண்டின் வயரைக் கழற்றிவிட்டார். அதன்பின் எவ்வளவு உலுக்கினாலும் ஆட்டம் நிற்கவில்லை, எல்லாரும் வென்றோம், கொஞ்ச நாளில் கடைப்பக்கம் போவதையே விட்டுவிட்டோம். நானா வயரைத் திரும்பப் பூட்டினார். கோச்சி வருவதற்குள் வென்றுவிட வேண்டுமென்று நாங்களும் திரும்ப ஓடினோம்.