சத்தம் வரவில்லை, செல்வின்

செல்வின் இறந்த செய்தி, அவனைத் திட்டுவதற்காக நான் போன் செய்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. காலை ஆறு மணிக்கே வாய்ஸ் மெசேஜில் வாய்க்கு வந்தபடி ஏசியிருந்தேன். பதில் இல்லை. பத்து மணிக்கு நான்காவது முறை அழைத்தபோது எடுத்தது அவன் மனைவி கிரேஸ். "அண்ணே, அவிய போய்ட்டாவண்ணே. நெஞ்சு வலின்னாவ. ஆஸ்பத்திரி போய்ச் சேருததுக்குள்ள முடிஞ்சிருச்சு." போனைக் காதில் வைத்தபடி கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் அவன் அனுப்பிய பாட்டு சத்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ராஜபாளையத்தில் அவனுடைய ரெக்கார்டிங் அறைக்கு வந்து பாடிய உங்களுக்கெல்லாம் அவனைத் தெரியும். ஸ்ரீவில்லிபுத்தூரில் கீபோர்டு வாசித்து மெட்டுப் போடுபவன் நான். குரல்களைப் பதிந்து, சரிசெய்து கொடுப்பவன் அவன். சர்ச் பாட்டானாலும் ஆண்டாள் கோவில் பாட்டானாலும் அவனுக்கு ஒரே அக்கறைதான். பதினோரு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். அதில் ஏச்சு முழுக்க என்னுடையது. சாஃப்ட்வேர் ஊமையாகிவிட்டால் எனக்குத் தலைக்கு மேல் கோபம் ஏறிவிடும். அவனோ, "ஏலே, சத்தம் எங்கயும் ஓடிப் போகாது. வேற பக்கம் அனுப்பிருப்ப, பாரு" என்பான்.

ஒருமுறை அரை நாள் மல்லுக்கட்டினேன். ஒயரை மாற்றினேன், சாஃப்ட்வேரை அழித்துத் திரும்ப ஏற்றினேன். கடைசியில் அவனை அழைத்துக் கத்தினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வீட்ல வேற எங்கயாச்சும் பாட்டு கேக்குதா, போய்ப் பாரு" என்றான். சமையலறையில் என் மனைவியின் புளூடூத் ஸ்பீக்கர் காலையிலிருந்து அதே நாலு வரியைப் பாடிக்கொண்டிருந்தது. "நீங்க எனக்காகப் போடுதீயன்னுல்ல நெனச்சேன்" என்றாள் அவள். செல்வின் போனில் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசிப் பாட்டு ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கானது. எங்கள் தெருப் பெண்கள் பன்னிரண்டு பேர் லீவு போட்டு, பஸ் ஏறிப் போய்ப் பாடியது. அன்று காலையில் திறந்து பார்த்தால் திரையில் பன்னிரண்டு குரல்களுக்கும் அலைக்கோடு தெரிகிறது, ஒன்றும் கேட்கவில்லை. "வெத்து ஃபைல அனுப்பிட்டுத் தூங்குதியாலே? அம்புட்டுப் பேரு பாடுனதையும் கெடுத்துட்டியே! இனி உன்கிட்ட வேலையே கெடையாது" என்று ஏசினேன். நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அடக்கம் முடிந்த மறுநாள் மீண்டும் உட்கார்ந்தேன். ஹெட்போன் சரி, ஒயர் சரி, செட்டிங் சரி. எரிச்சலில் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனேன். அடியில், பன்னிரண்டு குரல் வரிசைகளுக்கும் கீழே, எதுவும் பதியாத ஒரு காலி டிராக் இருந்தது. கீபோர்டு சேர்க்கலாமென்று நானே திறந்தது. அதில் சோலோ பட்டன் அமுங்கியிருந்தது. அதை அமுக்கினால் அந்த டிராக் மட்டும்தான் கேட்கும், மற்றதெல்லாம் அடங்கிவிடும். காலி டிராக்கில் கேட்க என்ன இருக்கிறது? பட்டனை எடுத்தேன். பன்னிரண்டு பேரும் ஒன்றாகப் பாடினார்கள். அவன் அனுப்பியதில் ஒரு குறையும் இல்லை. என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ராஜபாளையம் போய் கிரேஸிடம் சொன்னேன். "தப்பு என் மேலதாம்மா. அவனப் போயி அப்படி ஏசிட்டேன். அதக் கேட்டுட்டா போனான்?"

"கேட்டாவண்ணே. காபி குடிச்சிக்கிட்டே ரெண்டு தடவ போட்டுக் கேட்டாவ. 'காலி டிராக்ல சோலோவ அமுக்கி வச்சிருப்பான். இப்பச் சொன்னா அவனுக்கு ரோசம் வரும். செத்த நேரம் கத்தட்டும், குளிச்சிட்டு வந்து சொல்லுதேன்'னு சிரிச்சிக்கிட்டேதான் எந்திரிச்சாவ."

தேரோட்டத்தன்று பாட்டு ரத வீதி முழுக்கக் கேட்டது. பெண்களுக்குச் சந்தோஷம். அவன் நினைவாக என்னிடம் இருப்பது, அவன் சொல்ல வராமல் போன அந்தப் பதில்தான். மனம் நோகாமல்தான் போனான் என்று எல்லோரும் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். எனக்கு ஆறவில்லை. பதினோரு வருடத்தில் ஒரு தடவையாவது என்னைத் திருப்பி ஏசியிருக்கலாமேடா.