பெறாமகளுக்கு டெனிஷிலை என்ன?

மொழிபெயர்ப்பாளர் வேலை எண்டால், வாயை மற்றவைக்குக் குடுத்திட்டு மூளையைச் சும்மா இருக்கச் சொல்லுற வேலை. இதே வேலையிலை மாட்டுப்பட்ட உங்களுக்கு விளக்கம் தேவையில்லை.

படிவத்திலை ஒரு வரி

டென்மார்க்கிலை இக்காஸ்ட் எண்ட ஊரிலை, தையல் ஆலையிலை வேலை செய்த ஒரு அக்கா, கலியாணம் கட்டாதவ, இருதய ஒப்பரேசனுக்குப் பதிய வந்திருந்தா. டெனிஷ் விளங்கும், கதைக்கத்தான் பயம். "உங்களுக்கு ஆகக் கிட்டின சொந்தம் ஆர்?" எண்டு தாதி கேட்டா. "என்ர பெறாமகள்" எண்டா அக்கா. தங்கச்சி பெத்த பிள்ளையை நாங்கள் அப்பிடித்தானே சொல்லுறது. நான் பெரிய கெட்டிக்காரன் மாதிரி, "தங்கச்சியின்ர மகள்" எண்டு டெனிஷிலை சொன்னன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தா.

"தம்பி, அவள் தங்கச்சிக்கு ஆர் எண்டு சொல்லிப்போட்டீர். எனக்கு ஆர் எண்டெல்லோ கேட்டவை?"

ஒப்பரேசன் அண்டு

நான் அதைத் திருத்தேல்லை. ஒப்பரேசன் அண்டு காலமை, பெறாமகள் எஸ்பியர்க்கிலிருந்து வந்த ரெயின் பிந்திப் போச்சு. "பிள்ளையின்ர முகம் பாராமல் உள்ளை போகமாட்டன்" எண்டு அக்கா கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கொண்டா. இண்டைக்கு விட்டால் திரும்ப எப்ப நாள் கிடைக்குமோ, அந்த இருதயம் அதுவரைக்கும் தாங்குமோ! தாதி படிவத்தைப் பார்த்திட்டு, சொந்தக்காரர் பிறகு வந்து பார்க்கலாம்தானே எண்டா. சொன்னதை மட்டும் சொல்லவேணும், சொந்தக் கதை கதைக்கக்கூடாது எண்டது எங்கட சட்டம். சட்டம் கிடக்கட்டும் எண்டிட்டு, "வாறது இவவின்ர மகள். பிழை என்னிலை" எண்டன்.

தங்கமான மனுசி அந்தத் தாதி. உடனை போனை எடுத்து, அடுத்த ஆளை முன்னுக்கு எடுக்கச் சொல்லிப்போட்டு என்னட்டைத் திரும்பினா.

"பிள்ளை வருகுதெண்டு முதலே சொல்லியிருக்கலாமே!"

கண் முழிச்ச பிறகு

பெட்டை ஓடி வந்து முகத்தைக் காட்டினாள். ஒப்பரேசனும் நல்லபடி முடிஞ்சுது. அடுத்த நாள் டொக்டர் விளக்கம் சொல்ல வந்தார். கட்டிலடியிலை பெட்டையும், அவளைப் பெத்த தங்கச்சியும். "நீங்கள் ஆர்?" எண்டு கேட்டார். இஞ்ச பிறந்து வளர்ந்த பெட்டையெல்லோ, டெனிஷிலை பட்டெண்டு, "மகள். இவ என்ர அம்மா" எண்டு அக்காவைக் காட்டினாள். பிறகு தங்கச்சியைக் காட்டி, "இவவும் அம்மா." அக்கா அழுதா. எனக்கும் கண் கலங்கிப் போச்சு, ஏன் மறைப்பான்? பொம்பிளையும் பொம்பிளையும் கலியாணம் கட்டுற டென்மார்க்கிலை ரெண்டு அம்மா புதினமில்லையே. டொக்டர் மறுகேள்வி கேக்கேல்லை.

"நல்லது. அப்ப இன்னொரு கதிரையும் எடுப்பம்."

இத்தனை வருசமாய் டெனிஷ் கதைச்சுச் சாப்பிடுற நான், பெறாமகளுக்கு இல்லையெண்டு கைவிட்ட சொல்லு, இஞ்சத்தை முதலாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல்லாய் இருந்திருக்குது.